ஈயம் பூசினாற்போல இருந்த கம்பி

கோடை விடுமுறைக்கு வந்த பேரன், தபாலில் வரவழைத்த ரேடியோ கிட் ஒன்றை மூன்று நாள் உட்கார்ந்து பூட்டினான். சத்தமே வரவில்லை. "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்று பெட்டியோடு பரண்மேல் போட்டுவிட்டான். அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை.

இறக்கிப் பார்த்தேன். ஃபெரைட் ராடில் சுற்றிய காயிலின் நான்கு முனையிலும் ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. அது வெறும் செம்புக் கம்பி இல்லை, எனாமல் பூசிய கம்பி. பூச்சும் செம்பு நிறம்தான், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வைத்த ஈயம் உள்ளே செம்பைத் தொடவே இல்லை. ஈயம் பூசினாற்போலவும் இருக்கணும், பூசாததுபோலவும் இருக்கணும் என்பார்களே, அதே கதை!

கிட்டோடு வந்த தாளில் இருந்தது ஒரே வரி: முனைகளை சால்டர் செய்யவும். எனாமல் என்ற பேச்சே இல்லை.

"சூடான அயர்னை வைத்தால் பூச்சு தானே எரிந்துவிடும்" என்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. பாலியூரித்தேன் பூச்சென்றால் போகும். அதற்கும் அயர்ன் 400 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், நுனியில் புது ஈயம் ஒரு சொட்டு நிற்கவேண்டும், சில நொடி பொறுக்கவேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும், அந்தப் புகை ஆகாது. மோட்டார் கம்பிகளில் வரும் சூடு தாங்கும் பூச்சுகளோ அயர்னுக்கு மசியாது, சுரண்டித்தான் ஆகவேண்டும். கிட்டில் இருப்பது எந்த வகை? அதையும் தாள் சொல்லவில்லை.

எங்கள் புதுச்சேரித் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் பளபளவென்று தேய்ப்பார். பிறகுதான் நெருப்பு, நவச்சாரம், ஈயம். பிரெஞ்சுப் பள்ளியில் அந்த வேலைக்கு 'எத்தமே' என்ற சொல்லைக் கற்றேன். தேய்க்காமல் ஈயம் ஒட்டாது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

"பிள்ளைகள் தப்பு செய்துதானே கற்கவேண்டும்?" என்றார் ஒரு நண்பர். சரி, கற்கட்டும். ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்தால்தானே கற்க முடியும்? தெரியாதபோது பிள்ளை தன்னையே தப்பு என்று நினைத்துக்கொள்கிறது. நானும் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு தாள் குறைகிறது என்று எத்தனையோ மனுக்களைத் திருப்பியிருக்கிறேன். அந்தத் தாள் வேண்டும் என்று படிவத்தில் எங்கும் அச்சடித்திருக்காது. வந்தவர்கள் தங்களையே நொந்துகொண்டு போனார்கள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேரனும் நானும் மறுபடி உட்கார்ந்தோம். நைசான உப்புத்தாளை மடித்து, முனையை அதற்குள் வைத்து, திருப்பித் திருப்பி ஒரு சென்டிமீட்டர் இழுத்தோம். பிளேடு வேண்டாம், மெல்லிய கம்பி வெட்டுப்பட்டு ஒடியும். சுற்றிலும் செம்பு மின்னியதும் ஈயம் பூசினோம். மல்டிமீட்டர் முள் துள்ளியது. அன்றிரவு ரேடியோ பேசியது.

கிட் விற்பவர்களிடம் நான் கேட்பது மூன்றே வரிதான். இது எனாமல் கம்பி. பூச்சு இந்த வகை, இப்படி எடுக்கவும். சால்டர் செய்யுமுன் மீட்டரில் பார்க்கவும். இதற்கு என்ன பெரிய செலவு?

உங்கள் வீட்டுப் பிள்ளை "எனக்கு வராது" என்றால், முதலில் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்.