லோன் அப்ரூவ் ஆனா, அது கர்த்தரோட பதிலா?

‘ஜெபம் பண்ணேன், ஹோம் லோன் கிடைச்சிருச்சு, கர்த்தர் வாசலைத் திறந்துட்டார்’னு சந்தோஷப்படுறீங்களா? ஒரு நிமிஷம். பேங்க் பார்த்தது உங்க சம்பளத்தையும் சிபில் ஸ்கோரையும்தான். அது தேவசித்தத்துக்கு அத்தாட்சி இல்லை.

40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். மொத்தமா கட்டுவது 83 லட்சத்துக்கு மேல!

சீஷனாவதைப் பற்றிப் பேசும்போதுகூட, கோபுரம் கட்டுறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைத்தான் இயேசு உதாரணமாகச் சொல்கிறார் (லூக்கா 14:28). அதனால கணக்குப் போடுறது அவிசுவாசம் இல்லை.

ஜெபத்தோட பட்ஜெட்டையும் எடுத்துட்டு உட்காருங்க. வேலை போனா 6 மாச இஎம்ஐக்குக் கையில பணம் இருக்கா? இல்லைன்னா பொறுத்திருங்க. அதுவும் அவர் நடத்துற வழியா இருக்கலாம்.

உங்க கருத்தை கமெண்ட்ல சொல்லுங்க.