இரண்டு குடம் நல்ல தண்ணீர்

ராணிப்பேட்டையில் ஒரு வீட்டு சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால், எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி சிமெண்ட் வாங்கலாம்?" என்றுதான். எந்தத் தண்ணீரில் கலப்பது என்று யாரும் கேட்பதில்லை. அதான் போர் இருக்கிறதே!

சிக்கலே அங்கேதான். தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். தொழிற்சாலையில் ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்குகிறது. பல ஆண்டுகளாக அது பாலாற்றிலும் நிலத்தடியிலும் சேர்ந்து, இந்தப் பக்கத்தில் பல கிணறுகள் கரிக்க ஆரம்பித்துவிட்டன.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அதை உடைத்துவிடும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், உள்ளிருந்து தள்ளும், காரை விழும். விழுந்த இடத்தை மறுபடி உப்புத் தண்ணீரில் பூசினால், அடுத்த விரிசலுக்கு இன்றே விதை போட்டாயிற்று. அதனால்தான் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்ச வரம்பு என்கிறது ஐ.எஸ். 456:2000.

ஆகவே, முதன்முறை பழுது பார்ப்பவரின் திட்டத்தில் முதல் வரி தண்ணீர்ப் பரிசோதனையாக இருக்கவேண்டும். பிறகு சுத்தியலால் தட்டி, பொள்ளென்று சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுப்பது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்துப் பிறகே கலவை. குறைந்தது 7 நாள் ஈரச் சாக்கு. தூண், பீம், மெலிந்துபோன கம்பி என்றால் இன்ஜினியரைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

"குடிக்கவே தண்ணீர் இல்லை, சிமெண்டுக்கு ஊற்றுவதா?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் போதும். இரண்டு குடம்! சின்ன ஒட்டு வேலைக்கு அதுவும் தேவைப்படாது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் கரிக்கும் தண்ணீரில் கட்டிய சன்ஷேடு இடிந்தால், கொத்தனார் கூலியைக் கொடுப்பது இன்றும் வீட்டுக்காரர்தான். அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்காமலாவது இருக்கலாமே?