மீதியை எந்தத் திரையில் காண்பது?

தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அதற்கும் முன்னர் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படமான 'கீசக வத'மும் அவ்வாறே அழிந்தது.

காலத்தின்மீது பழிபோட்டுத் தப்பிப்பது எளிது. நைட்ரேட் சுருள் தீப்பற்றும், மட்கும், உண்மைதான். ஆனால் ஓடி முடிந்த படங்களின் சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்றது காலமன்று, வணிகம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான். அதுவரை குரலெழுப்பியிருக்க வேண்டியவர்கள் யார்? எழுத்தை நம்பியவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கோ சினிமா கூத்தாடிகளின் சங்கதி. அந்த ஏளனத்தின் வாரிசுகளே நாம்.

இன்று எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். நாம் குப்பையென்று ஒதுக்கிய அவற்றைப் பொறுக்கிப் பாதுகாத்தவன் பாமர ரசிகன். திரைப்பட வரலாறு எழுத முனைவோர் இப்போது அவன் வீட்டு வாசலில்தான் நிற்கவேண்டும்.

அப்புத்தகங்களில் கதைச்சுருக்கம் பாதியில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என முடிவது வழக்கம். அன்று அது விளம்பரம். இன்று நம்மீதான குற்றச்சாட்டு.