மேஜை விரிப்பின் மானம்

போலந்தின் தென்கோடியில், சிலேசிய பெஸ்கிட் மலையில் கோனியாகூவ் என்றொரு கிராமம். குரோஷா ஊசியும் பருத்தி நூலும் கொண்டு பூப்பூவாகப் பின்னி, அவற்றை இணைத்து லேஸ் ஆக்குவது அவ்வூர்ப் பெண்களின் கைவேலை. 2003-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களில் சிலர் அதே பூக்களால் பெண்களுக்கு உள்ளாடை பின்னி விற்கத் தொடங்கினார்கள். எழுந்தது கூக்குரல்! மரபின் மானம் போயிற்றாம்.

எந்த மரபு ஐயா என்று நான் கேட்கிறேன். இந்தக் கலை வளர்ந்தது மணமான பெண்ணின் தலைக் குல்லாயில். மேஜை விரிப்பும் கழுத்துப் பட்டியும் கையுறையும் பிற்பாடு வந்தவை. தலையிலிருந்த பூ மேஜைக்கு இறங்கியபோது போகாத மானம், இடுப்புக்கு வந்ததும் போய்விட்டதா?

விரிப்பைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அல்லர். நாட்கணக்கில் கண் நோகப் பின்னியவளின் வீட்டில் பாராட்டினால் உலை கொதிக்குமா? பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

உள்ளாடை பின்னியதால் விரல்கள் வித்தையை மறந்துவிட்டனவா? 2013-இல் அதே ஊர்ப் பெண்கள் 5 மீட்டர் குறுக்களவில் ஒரு மாபெரும் லேஸைப் பின்னி முடித்தார்கள்.

மரபைக் காக்க விரும்புகிறவர்கள் முதலில் கூலியைக் கொடுக்கட்டும். பின்னுகிறவள் வயிறு நிறைந்தால்தான் மகளையும் பக்கத்தில் உட்கார்த்தி ஊசியைக் கையில் கொடுப்பாள்.