காற்றாலைக் களத்தைப் பல்கலைக்கழக ஆய்வுக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
ஆசிரியர் – ஆய்வு மாணவர் சங்கம்,
தென்மாவட்டங்கள்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள், எரிசக்தித் துறை,
அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வு – மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குக் காற்றாலைத் தரவு, கழற்றப்படும் காற்றாலைகளின் பாகங்கள், காலத்தே நிதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நிறுவப்பட்டது. பின்னர் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி முப்பந்தல், கயத்தாறு, உடுமலை வட்டாரங்களில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் எழுந்தன. இன்று மாநிலத்தின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் அந்தக் காற்றாலைகளைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தபடி பல்கலைக்கழகத்துக்கு வரும் எங்கள் மாணவர், ஆய்வேட்டுக்கான தரவை இங்கிலாந்தின் கெல்மார்ஷ் காற்றாலைப் பண்ணையிலிருந்து எடுக்கிறார். அங்கே இருப்பவை ஆறே காற்றாலைகள். அவற்றின் இயக்கப் பதிவுகள் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டுள்ளன.

இந்த நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. ஒவ்வொரு காற்றாலையிலும் காற்றின் வேகம், திசை, உற்பத்தி, நிறுத்தத்தின் காரணம் ஆகியவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினியில் பதிவாகின்றன. உரிமையாளர் பெயரை நீக்கி, ஓராண்டு கழிந்த பதிவுகளையாவது மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்க ஆணையிட வேண்டும். இதில் வணிக ரகசியம் கெடும் என்ற அச்சத்தை நாங்கள் ஏற்கவில்லை. பருவக்காலத்தில் காற்று பெருகும்போது காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும், திடீரென ஓயும்போது வெளியில் மின்சாரம் வாங்க ஓடுவதும் மின்வாரியத்துக்குப் புதிதல்ல. முன்கணிப்பு மேம்பட்டால் இரண்டுமே குறையும். இங்கிலாந்துக் காற்றைப் படித்த கணிப்பு முறை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பொருந்தாது.

அடுத்தது அவசரமானது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையை அரசு 2024-ல் வெளியிட்டுள்ளது, அதை வரவேற்கிறோம். 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகள் இறங்கி, அந்த நல்ல காற்றிடங்களில் பெரியவை ஏறும். இறக்குகிறபோது கோபுரத்தின் இரும்பும் ஜெனரேட்டரின் செம்பும் எடைக்குப் போய்விடும். இறக்கையை எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் தொடமாட்டார். அது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது. உருக்க முடியாது, அறுத்தால் தோலில் அரிக்கும் தூள் பறக்கும். ஜெர்மனியில் இறக்கைகளை நொறுக்கிச் சிமென்ட் சூளையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களிலும் சிமென்ட் ஆலைகள் உண்டு. அங்கே அது ஒத்துவருமா, எவ்வளவு செலவாகும் என்று ஆராய்ந்து சொல்ல எங்களால் முடியும். ஆகவே கழற்றுவதற்கான அனுமதியிலேயே, சில இறக்கைகளையும் ஒரு கியர் பெட்டியையும் அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பழைய காற்றாலையை நின்ற இடத்திலேயே ஆய்வுக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. முப்பதாண்டு காற்றையும் உப்பையும் தாங்கிய பல்சக்கரங்கள் எந்தப் பாடநூலிலும் கிடைக்காதவை. காயலான் கடைக்குப் போனபின் கேட்டுப் பயனில்லை.

நிதி பற்றி. ஒன்றிய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பல்கலைக்கழக உதவித்தொகையை மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் மாணவர்களுக்கு அது எட்டாத தொகை. கிடைப்பதும் மாதாமாதம் வருவதில்லை. எரிசக்தி ஆய்வு மாணவர்களுக்கென மாநில அரசு தனி உதவித்தொகை ஏற்படுத்தி, மாதந்தோறும் நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் விலக்கப்பட்டது. அதை மீட்கும்படி ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலம் குரல் கொடுக்க வேண்டும்.

கருவி வாங்கத் தரும் பணத்தோடு அதைப் பராமரிக்கவும் பணம் தர வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவரின் துறையில், மாடியில் சூரியக் கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடிக் குமிழில் படியும் தூசியைத் தினமும் காலையில் ஒருவர் துடைத்தாக வேண்டும். அந்த வேலையைப் பார்த்த தற்காலிகப் பணியாளர் நிறுத்தப்பட்டார். கருவி இன்றும் ஓடுகிறது. அவர் போனபின் பதிவான எண்களை நாங்கள் யாரும் நம்புவதில்லை. ஒரு பணியாளரின் சம்பளத்தை மிச்சம்பிடித்து, விலையுயர்ந்த கருவியை வீணாக்கியிருக்கிறோம். ஆய்வு நிதி ஒவ்வொன்றிலும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் பராமரிப்புக்கும் ஐந்தாண்டு வரை தனி ஒதுக்கீடு வேண்டும்.

பொதுப் பணத்தில் கிடைக்கும் முடிவுகளை மின்வாரியத்துக்கும் மக்களுக்கும் தமிழிலும் அளிப்பதாக எங்கள் சங்கம் உறுதி கூறுகிறது.

காற்றுப் பருவம் மே மாதம் தொடங்குகிறது. அதற்கு முன் இரு துறைச் செயலாளர்களும், பசுமை ஆற்றல் கழக அதிகாரிகளும், காற்றாலை உரிமையாளர்களும், பல்கலைக்கழகப் பிரதிநிதிகளும் அமரும் கூட்டம் ஒன்றைத் திருநெல்வேலியில் கூட்டி, தரவு வழங்கும் ஆணையையும் இறக்கை தொடர்பான நிபந்தனையையும் அங்கேயே முடிவு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர் / செயலாளர்
(சங்க உறுப்பினர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)