கொடியும் நூலும்

தேசியக் கொடியை எத்துணியால் செய்வது என்ற கேள்வி அற்பமானதென்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. கையால் நூற்றுக் கையால் நெய்த பஞ்சு, கம்பளி, பட்டுக் கதரினாலேயே கொடி ஆக்கப்பட வேண்டுமென்று 2002-ஆம் வருஷத்துக் கொடி விதித்தொகுப்பு கூறியிருந்தது. 2021 டிசம்பர் 30-ந் தேதி இந்திய சர்க்கார் அவ்விதியைத் திருத்தி, யந்திரத்தால் செய்த துணியும் பாலியெஸ்டரும் கொடிக்கு ஆகும் என்று அனுமதி அளித்தனர். இதனால் தேசம் பெற்றது யாது, இழந்தது யாது என்று நிதானமாக ஆராய்வது கடமை. அதற்கு நூல் பிறக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

பருத்தி விதையைப் போர்த்து வளரும் மெல்லிய மயிரே பஞ்சு. அதன் ஓர் இழை ஏறக்குறைய ஓரங்குல நீளமே உடையது. தனித்து நின்றால் எதற்கும் உதவாது. கொட்டை நீக்கி, கொட்டிச் சுத்தம் செய்து, பட்டை போட்டு, இராட்டையில் இழுத்து முறுக்கும்போது அவ்விழைகள் ஒன்றையொன்று பற்றிக் கொள்கின்றன. முறுக்கே நூலின் உயிர். இழுப்பது அதிகமானால் நூல் அறும். முறுக்குக் குறைந்தால் தறியில் நில்லாது. நூற்பவரின் விரல்கள்தாம் இரண்டையும் அளந்து அறிகின்றன. 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே நூலின் நம்பர். நாற்பது சிட்டம் நின்றால் நாற்பதாம் நம்பர்.

பாலியெஸ்டரின் பிறப்பு வேறு. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தரும் அதே கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் ரசாயனப் பொருள்களைச் சேர்த்துச் சமைத்து, உருக்கி, நுண்ணிய துளைகளின் வழியே பிழிந்து, குளிரவைத்து, இழுத்து நீட்டுகிறார்கள். அறாத நீண்ட இழை கிடைக்கிறது. இதனை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்னும் இருவர் கண்டனர். பட்டுப்புழு தன் வாயிலிருந்து பல நூறு கஜ நீளமுள்ள ஒரே இழையை விடுவதைக் கண்ட மனிதன், அவ்வித்தையைத் தானும் செய்து பார்த்ததன் பலன் இது என்னலாம்.

நாம் இச்செயற்கை இழையை இகழவில்லை. அது வலியது, நீரை உறிஞ்சாது, கசங்காது, விலை மலிவு. கயிற்றுக்கும் வாகன டயருக்கும் உள்ளே நின்று உழைக்கிறது. ஏழை எளியவர்க்கு நெடுநாள் உழைக்கும் ஆடையும் தருகிறது. அதனதன் இடத்தில் அது நல்லதே. கொடி அதன் இடமா என்பதே கேள்வி.

1924-இல் காந்தியடிகள் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மகாசபை, அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தரவேண்டும் என்று விதித்தது. இருபதாம் நம்பர் நூலில் ஒரு வருஷத்துக்குரிய 24,000 கஜமும் ஒன்றரை ராத்தல்கூட எடை நில்லாது. அச்சிறு நூலால் தேசத்தின் துணிப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று எவரும் எண்ணவில்லை. படித்தவன் தன் கையால் உழைத்துப் பாமரனோடு ஒன்றுபட வேண்டும் என்பதே அதன் கருத்து. கொடிக்குக் கதரை விதித்ததும் அக்கருத்தின் தொடர்ச்சியே. ஆகவே கொடியில் நூல் என்பது வெறும் மூலப்பொருளன்று, அதுவே பொருள்.

கோடிக்கணக்கான இல்லங்களுக்கு ஒரே நாளில் கதர்க் கொடி எங்கிருந்து வரும் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. ஹூப்ளிக்கு அருகில் பெங்கேரியில் 1957-இல் தோன்றிய கதர்ச் சங்கம் போன்ற நிலையங்கள் திடீரென்று அத்தனையும் செய்து தர இயலாது. ஆனால் ஒரு வாரத்துக்குக் கோடி கொடி வேண்டுமென்று கேட்பதும், கை உழைப்பால் இயலவில்லையே என்று குறை கூறுவதும் நீதியாகா. வருஷம் முழுதும் நூற்கச் சொன்னால் நூற்பவருக்கு வேலையும் கிடைக்கும், கொடியும் கிடைக்கும். நல்ல கதர்க் கொடியை ஒரு குடும்பம் மடித்து வைத்துப் பல வருஷம் ஏற்றலாம். ஆண்டுதோறும் புதிது வாங்க வேண்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கிழிந்த கொடியைத் தனியிடத்தில், எரித்தோ வேறு விதமாகவோ, மரியாதை குன்றாமல் முழுதும் அழிக்க வேண்டுமென்று விதித்தொகுப்பே கூறுகிறது. பருத்தி எரிந்தால் மெல்லிய சாம்பலாகும். புதைத்தால் மண்ணோடு மண்ணாகும். பாலியெஸ்டரோ உருகிக் கறுத்துக் கட்டியாகும். மண்ணில் புதைத்தாலும் மக்காமல் நெடுங்காலம் கிடக்கும். மரியாதையுடன் விடைகொடுக்கவும் இடந்தராத துணி கொடிக்கு எங்ஙனம் பொருந்தும்?

தனி மனிதர் விரும்பிய கொடியை ஏற்றும் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. நாம் கோருவது மூன்றே. சர்க்கார் காரியாலயங்கள், பள்ளிகள், பஞ்சாயத்துகள் ஆகியவற்றில் கதர்க் கொடியே பறக்க வேண்டும். அதற்குரிய கொள்முதலை ஆகஸ்டுக்கு முன்வாரத்தில் அல்ல, வருஷத் தொடக்கத்திலேயே சர்க்கார் அறிவிக்க வேண்டும். கடையில் விற்கும் ஒவ்வொரு கொடியிலும் அது எவ்விழையால் ஆனது என்பது தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். இவற்றைச் சட்டம் செய்யும்வரை காத்திராமல், ஊர்தோறும் கொடியேற்றும் பொறுப்பில் உள்ள நம் தோழர்கள் இப்போதே தொடங்கலாம். கம்பத்தில் ஏறும் துணியை எந்தக் கை நூற்றது என்று கேட்கும் பழக்கம் மீண்டும் வருமானால், பாதிக் காரியம் முடிந்தது எனலாம்.