மெஷின் வந்தால் மட்டும் போதுமா?

திண்டுக்கல் மாநகராட்சி ஆனது 2014-ல். அதே ஆண்டு மார்ச்சில்தான், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023-ல் அது 30 லட்சம் ஆனது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. ஆக, இனி மெஷின்தான் வழி. சரிதான்.

வீட்டுக் குழாய் அடைப்புக்கு மோட்டாரில் சுழலும் கம்பிச்சுருள் மெஷின் இருக்கிறது. ஆனால் அதுவும் ஆளைக் காயப்படுத்தும்.

கம்பியின் முனை மரவேரில் சிக்கி நின்றாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். முறுக்கு ஏறி, கம்பி துள்ளிக் கையைச் சுற்றிக்கொள்ளும். விரல் ஒடியும். அதற்காகத்தான் காலால் மிதிக்கும் சுவிட்ச். காலை எடுத்தால் மெஷின் நின்றுவிடும். துணிக் கையுறை கம்பியில் மாட்டிக்கொள்ளும், தோல் கையுறைதான் வேண்டும். தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லில் அதற்கா பஞ்சம்? ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இல்லாமல் பிளக்கைச் சொருகவே கூடாது.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதலில் ஆசிட் ஊற்றிப் பார்ப்பார்கள். அடைப்பு போகாது. பிறகு அதைச் சொல்லாமலே ஆளைக் கூப்பிடுவார்கள். சுழலும் கம்பி அந்த ஆசிட்டை அவர் முகத்தில்தான் தெளிக்கும்.

மெஷினுக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் கையுறைக்கும் பயிற்சிக்கும் சேர்த்தே ஒதுக்கட்டும். இல்லாவிட்டால், குழிக்குள் இருந்த ஆபத்தைக் குழிக்கு வெளியே எடுத்து வைத்ததாகத்தான் ஆகும்.